கைத்தொழில் வகைகளும் பௌதிகப் பிரதேசங்களும்: இரண்டையும் சேர்த்து எப்படிப் படிப்பிப்பது?

கொட்டாஞ்சேனை மிஸ் எழுதியது:

உயர்தரப் புவியியல் படிப்பிக்கிறவர்களுக்கும், அதைவிட முக்கியமாகத் தொழிற்சாலைக்குள் நின்று வேலை செய்தவர்களுக்கும் இந்த இழை.

கைத்தொழில் வகைகளை ஒப்பிடு என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் உடனே ஒரு அட்டவணை கீறுவார்கள். ஒரு பக்கம் உருக்கு போன்ற பாரக் கைத்தொழில், மறு பக்கம் ஆடை போன்ற இலகு கைத்தொழில். பௌதிகப் பிரதேசங்களை வேறுபடுத்து என்றால் இன்னொரு அட்டவணை வரும்: கரையோரத் தாழ்நிலம், உள்நாட்டுச் சமவெளி, மத்திய மலைநாடு. உயரம், மழை, மண் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் இந்த அட்டவணைக்கும் அந்த அட்டவணைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பேனை நின்றுவிடுகிறது. "மலைநாட்டில் தேயிலை, கரையோரத்தில் மீன்பிடி, உலர்வலயத்தில் நெல்" என்பதோடு முடிந்தது. கொழும்பை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று கேட்டால், "அது வர்த்தகத் தலைநகரம்தானே மிஸ்" என்கிறார்கள்.

இதை அப்படியே விட எனக்கு மனமில்லை. மேல் மாகாணத்தின் பரப்பு 3,684 சதுர கிலோமீற்றர். தீவின் 65,610 சதுர கிலோமீற்றரில் அது பதினெட்டில் ஒரு பங்கு அளவுதான். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்தத் துண்டு நிலத்திலிருந்து வருகிறது. இங்கே வளரும் பிள்ளைக்கு அது ஏன் இங்கே திரண்டது, ஏன் திருகோணமலையில் திரளவில்லை என்று தன் வாயால் சொல்லத் தெரிய வேண்டும்.

நான் இப்போது வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதுதான். ஒரு தொழிற்சாலையை எடுத்தால், உள்ளே போகிற எடை என்ன, வெளியே வருகிற எடை என்ன என்று முதலில் கேள். அல்பிரட் வெபர் 1909இல் வெளியிட்ட அமைவிடக் கோட்பாட்டின் கரு அதுவே. எடை குறைகிற வேலை மூலப்பொருள் கிடைக்கும் இடத்துக்குப் போகும், கூடுகிற வேலை சந்தைக்குக் கிட்ட வரும். பிறகு அந்த மூலப்பொருள் எத்தனை மணி நேரம் பழுதாகாமல் தாங்கும் என்று கேள். அதற்கும் பிறகு தண்ணீர், கரண்ட், வெயில்.

கரும்பை எடுங்கள். 100 கிலோ கரும்பில் 10 கிலோ சீனி தேறினால் பெரிய காரியம். வெட்டிப் போட்டுக் காத்திருந்தால் இனிப்பு இறங்கிக்கொண்டே போகும். அதனால் செவனகலை, பெல்வத்தை ஆலைகள் மொனராகலை மாவட்டத்தின் வெயிலில் கரும்புக் காணிகளுக்கு நடுவில் நிற்கின்றன. கொழும்பைச் சுற்றிச் சீனி ஆலை கிடையாது. பிஸ்கட் தொழிற்சாலைகளோ இரத்மலானை, பன்னிப்பிட்டி என்று நம்மைச் சுற்றியே இருக்கின்றன. மாவுக்கான கோதுமை கப்பலில் வருகிறது. செய்த பிஸ்கட் நொறுங்காமல் கடைக்குப் போக வேண்டும். பெட்டிக்குள் பாதி காற்று. அதைத் தூரத்திலிருந்து ஏற்றிவர யாருக்கும் கட்டாது.

உங்கள் தொழிலில் இது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நீங்கள் சொல்வதை அடுத்த கிழமை வகுப்பில் அப்படியே வைக்கப் போகிறேன்.

கிராண்ட்பாஸ் கொழுந்து எழுதியது:

வணக்கம் மிஸ். நான் பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல. இப்ப கிராண்ட்பாஸ்ல தேயிலை கலந்து பொதி பண்ற இடத்துல வேலை. ரெண்டு முனையையும் கண்ணால பாத்திருக்கேன்.

நூறு கிலோ பச்சைக் கொழுந்து ஸ்டோருக்குள்ள, அதான் தோட்டத்துத் தேயிலை பக்டரிக்குள்ள, போனா இருபத்தொன்னு, இருபத்திரெண்டு கிலோ தூள்தான் வெளிய வரும். மிச்சம் எல்லாம் தண்ணி. அதோட கொழுந்து ரொம்பப் பொல்லாதது. சாக்குல அமுக்கி வச்சா சூடேறி, ஸ்டோருக்குப் போக முன்னமே சிவந்துரும். அப்படிச் சிவந்த கொழுந்துல நல்ல தூள் எடுக்கவே முடியாது. அதனாலதான் பறிச்சதை மலையிலயே நிறுத்து, அன்னைக்கே லொறியில ஏத்தி அனுப்புறது. ராத்திரி பூரா வாட்டி, விடியுறதுக்கு முன்ன உருட்ட ஆரம்பிச்சிருவாங்க. மலையில பழைய ஸ்டோரெல்லாம் நாலஞ்சு மாடியா, சுத்தி ஜன்னலா இருக்குறதைப் பாத்திருப்பீங்க. மேல் மாடியெல்லாம் கொழுந்து வாட்டத்தான். அந்தக் காலத்துல ஜன்னலைத் திறந்தா மலைக்காத்து வந்து வாட்டிரும்.

ஆனா "மலைநாடுன்னா தேயிலை"ன்னு பிள்ளைங்க எழுதுறதை நீங்க திருத்தணும். இலங்கைத் தேயிலையில பாதிக்கு மேல 600 மீற்றருக்குக் கீழ விளையுது. காலி, மாத்தறை, ரத்தினபுரி, களுத்துறை. அங்க பெரிய தோட்டத்தை விட சின்னச் சின்னக் காணிக்காரங்கதான் அதிகம். 600க்கும் 1,200க்கும் நடுவுல மத்திம உயரம், 1,200க்கு மேல உயர்நிலம். ஒரே பயிர், ஆனா மூணு உயரத்துல மூணு சாயம், மூணு மணம், மூணு விலை.

பௌதிகப் பிரதேசத்தை வேறுபடுத்துன்னு கேட்டா நான் இதைத்தான் எழுதுவேன். ஆடி மாசம் தென்மேல் பருவக்காத்து ஹட்டன் பக்கம் மழையா கொட்டித் தீர்த்துட்டு, மலையைத் தாண்டி ஊவா பக்கம், அதாவது பதுளைப் பக்கம், காய்ஞ்ச காத்தா இறங்கும். ஜூலைல இருந்து செப்டெம்பர் வரைக்கும் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் வர்றது அந்தக் காத்தாலதான். ஹட்டனைச் சேர்ந்த டிம்புள்ள பக்கம் நல்ல தேயிலை ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும். ஒரே மலைதான், ஆனா ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு பருவம்.

அப்புறம் கொழும்பு. 1883ல இருந்து ஏலம் இங்கதான். தூளாகிட்ட தேயிலை அவ்வளவு லேசுல பழுதாகாது, பையில கட்டிட்டா றெயிலோ லொறியோ எங்க வேணா கொண்டு போகலாம். இங்க வந்த பிறகு நடக்குறது எல்லாம் கூடுற வேலை. கடதாசிப் பை, நூல், லேபல், பெட்டி, டின். பத்துத் தோட்டத்துத் தூளைக் கலந்தாத்தான் வாங்குறவன் கேக்குற ருசி வரும், பத்துத் தோட்டத்துத் தூளும் ஒன்னா வந்து சேர்ற இடம் கொழும்புதான்.

ஒன்னு மட்டும் மனசைவிட்டுப் போகாது. எடை குறையுற வேலை எங்க சனங்க கையில மலையில நடக்குது, விலை கூடுற வேலை இங்க நடக்குது. பிள்ளைங்க அதையும் படிக்கணும் மிஸ். அதுவும் புவியியல்தானே.

மட்டக்குளி மாணவி எழுதியது:

மிஸ், நான் உங்கட வகுப்பில்லை, ஆனா உயர்தரம் புவியியல் செய்யிறன். ரெண்டு சந்தேகம்.

கொழுந்து அண்ணா, பொதி செய்யிற வேலையையும் ஹட்டன்ல வச்சா என்ன? ஆக்களும் அங்க இருக்கினம்தானே.

மற்றது, கொழும்பும் நுவரெலியாவும் ரெண்டும் ஈரவலயம். அப்ப ரெண்டும் ஒரே பிரதேசமா?

கிராண்ட்பாஸ் கொழுந்து எழுதியது:

தங்கச்சி, ஒரே தோட்டத்துத் தேயிலைன்னு பேர் போட்டு விக்கிறதை மலையிலயே பொதி பண்ணலாம், பண்ணவும் செய்றாங்க. கலவைத் தேயிலைன்னா ஊவா, தெற்கு தாழ்நிலத்து ருகுணை, டிம்புள்ள எல்லாத்தையும் ஹட்டனுக்கு ஏத்தி, பொதி பண்ணி, திரும்ப ஹாபருக்கு இறக்கணும். மலைப்பாதையில போய் வர்ற டீசல் செலவை யோசிச்சுப் பாருங்க. ஆனா நீங்க கேட்ட கேள்வியை எங்க ஊர்ல நிறையப் பேர் கேக்குறாங்க. கேக்கவும் வேணும்.

கொட்டாஞ்சேனை மிஸ் எழுதியது:

மகள், இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். ஈரவலயம், உலர்வலயம், இடைவலயம் என்பது மழையை வைத்துப் பிரித்தது. தாழ்நிலம், மலைநாடு என்பது தரைத்தோற்றத்தை வைத்துப் பிரித்தது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். கொழும்பு ஈரவலயத் தாழ்நிலம், நுவரெலியா ஈரவலய மலைநாடு. பதுளைப் பக்கம் போனால் மலைநாடுதான், ஆனால் ஈரவலயம் என்று சொல்ல முடியாது. கொழுந்து தம்பி ஊவாக் காற்றைப் பற்றி எழுதியது அந்த வேறுபாடுதான். "பிரதேசம்" என்று கேள்வி வந்தால், எதை வைத்துப் பிரிக்கிறாய் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடு.

சுண்ணக்கல் எழுதியது:

நான் வெள்ளவத்தையில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆள். வேலை செய்த காலம் முழுக்கச் சீமெந்தோடு.

மூன்றாவதாக ஒரு பிரிவையும் பிள்ளை அறிய வேணும்: பாறை. இந்தத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய, கடினமான பளிங்குருப் பாறை. மலைநாடும் அதுதான், கொழும்புக்கு அடியில் கிடக்கிறதும் அதுதான். வடமேல் கரையில் புத்தளம் தொடங்கி மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரைக்கும் ஒரு பட்டி மட்டும் மயோசீன் என்கிற, அதைவிடப் பிந்திய புவிக்காலத்துச் சுண்ணக்கல், கடலுக்கடியில் படிந்து வந்தது. படத்தில் அந்தப் பட்டியைக் கீறிப்போட்டு, பிறகு இலங்கையில் கல்லைச் சுட்டுச் சீமெந்து செய்த தொழிற்சாலைகள் எங்கே என்று பாருங்கோ. காங்கேசன்துறை 1950, புத்தளம் 1970. இரண்டும் அந்தப் பட்டிக்குள்தான்.

காரணம் வெபர் சொன்ன எடைதான். தூய சுண்ணக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் புகைபோக்கியால் போய்விடும். கையில் மிஞ்சிறது 56. வானத்துக்குப் போகப்போகிற எடையை ஏன் நூறு மைல் ஏற்றிக்கொண்டு போவான்? சூளைக்குள் இருந்து உருண்டை உருண்டையாக வெளியே வருகிற கிளிங்கர் அப்படியல்ல. அதைக் கப்பலில் ஏற்றலாம், குவித்து வைக்கலாம். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து. அரைக்கிற வேலையில் எடை போவதில்லை. அதனால் அது துறைமுகத்தைத் தேடும். சுண்ணக்கல் பட்டியே இல்லாத காலியிலும் திருகோணமலையிலும் சீமெந்து ஆலை இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். அவை அரைக்கிற ஆலைகள், கிளிங்கர் கப்பலில் வரும்.

கொழுந்து தம்பி தேயிலைக்குச் சொன்னதும் இதுவும் ஒரே கதை எண்டு கண்டியளோ? சீமெந்துக் கைத்தொழில் எண்டு ஒரு பேர்தான். உள்ளே சுடுகிற தொழில் ஒன்று, அரைக்கிற தொழில் ஒன்று. இரண்டும் இரண்டு நிலத்தைத் தேடும்.

எங்கட யாழ்ப்பாணத்துக்கு இதில் இன்னொரு கவலை உண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. பெய்கிற மழை சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கும். கிணற்றில் நாங்கள் அள்ளுவது அதைத்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும். ஆக, தொழிற்சாலைக்கு மூலப்பொருள் எதுவோ அதுவேதான் சனத்தின் தண்ணீர்த் தொட்டியும். காங்கேசன்துறை ஆலை 1990இல் போரோடு நின்றது. அதைத் திரும்பத் திறக்கிற பேச்சு வரும்போதெல்லாம் ஊர்ச்சனம் கிணற்றைப் பற்றிக் கேட்கிறது இதனால்தான், வேலைவாய்ப்பு வேண்டாம் என்று அல்ல.

மலைநாட்டில் நிலைமை நேர் எதிர். பாறை தண்ணீரை உள்ளே விடாது, அது மேலால் ஓடி விழும். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே அந்த நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினவர். லக்சபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கினது 1950, காங்கேசன்துறை சீமெந்து தொடங்கின அதே வருடம். ஒரு பாறை கல்லாக விலைப்பட்டது, மற்றப் பாறை தண்ணீரைத் தாங்கி விலைப்பட்டது.

தெமட்டகொடை நானா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் புத்தளத்தான், இப்ப தெமட்டகொடையில.

சுண்ணக்கல் ஐயா சொன்ன கல் எங்கட பக்கம் அறுவாக்காட்டுல இருந்து வருது. ஆனா நம்மட ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது உப்பு. பாலாவியில வாய்க்கால் வெட்டி களப்புத் தண்ணியைப் பாத்தி பாத்தியா மாத்தி விடுவாங்க. எரிபொருள் இல்ல, பெரிய மெசின் இல்ல. வெயிலும் காத்தும்தான் பக்டரி. புத்தளம், அம்பாந்தோட்டை, ஆனையிறவு, மன்னார் எல்லாம் உலர்வலயக் கரை. கொழும்புக்கும் காலிக்கும் கூட கடல் இருக்கு, ஆனா ஒரு உப்பளம் கூட இல்ல. கடல் எல்லாருக்கும் பொது. மழை இல்லாத மாசம் மட்டும்தான் எங்களுக்குத் தனி. 2025ல மழை நேரம் தவறிப் பெய்ஞ்சு பாத்தியெல்லாம் கரைஞ்சு, இந்தியாவுல இருந்து உப்பு இறக்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கடைக்குப் போய் உப்பு இல்லாம வெறுங்கையோட வந்தவங்களுக்கு உலர்வலயம்னா என்னன்னு தனியா விளங்கப்படுத்தத் தேவையில்ல.

பியகம லைன் எழுதியது:

எல்லாரும் கல், கரும்பு, கொழுந்து என்று எழுதுறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு குறைவு. நான் ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் நீண்ட காலமாக இருக்கிறேன். ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஆடைதான். அதற்கு எந்த மலை, எந்தப் பாறை?

துணி வெளியிலிருந்து வருகிறது, நூல் வருகிறது, பொத்தான் வருகிறது, ஓர்டரும் வெளியிலிருந்துதான். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்தது அங்கே பருத்தி விளைந்ததாலா? விமான நிலையம் பக்கத்தில், துறைமுகம் கிட்ட, அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்தது, அவ்வளவுதான். 1992இல் பிரேமதாச ஜனாதிபதி 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியபோது உலர்வலயக் கிராமம், மலையோரக் கிராமம் என்று பார்க்காமல் வைத்தார்கள். மெசின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் தைத்தது. எங்கள் லைனில் வேலை செய்கிற பிள்ளைகள் அநுராதபுரம், மொனராகலை, வவுனியா என்று எங்கெங்கோ இருந்து வந்து போடிங்கில், அதாவது வாடகை விடுதியில், நிற்கிறார்கள். தொழிலை ஊருக்குக் கொண்டுபோகலாம், ஆளை ஊரிலிருந்து கொண்டுவரலாம். பாதையும் கரண்டும் இருந்தால் போதும். கரண்ட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022இல் பார்த்தோம், ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வெட்டிய நாட்கள் இருந்தன.

பௌதிகப் பிரதேசம் என்பது விவசாயத்துக்கும் சுரங்கத்துக்கும் சரி. இன்றைய கைத்தொழிலுக்குக் கொள்கையும் கூலியும்தான் அமைவிடம். பிள்ளைகளுக்கு அதை முதலில் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை மிஸ் எழுதியது:

கொள்கை, கூலி இரண்டையும் விட்டுவிட்டு அமைவிடம் பேச முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிலத்தைக் கழித்துவிட முடியுமா என்று பார்க்க, நான் முதலில் கேட்ட கொழும்பு – திருகோணமலைக் கேள்விக்கே வருகிறேன்.

இயற்கை கொடுத்த துறைமுகம் என்றால் திருகோணமலைதான். ஆழம், நிலம் சூழ்ந்த பாதுகாப்பு, இடம் எல்லாம் உண்டு. கொழும்பு அப்படி இல்லை. மே மாதத்திலிருந்து தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது கப்பல் நிற்க முடியாத திறந்த கரை அது. நீராவிக் கப்பல்கள் நெடுங்காலம் காலியைத்தான் நாடின. கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல் வைத்தது 1875இல், முடிந்தது 1885இல்.

இயற்கைத் துறைமுகம் இருக்க, ஏன் காசைக் கொட்டி ஒரு செயற்கைத் துறைமுகம் கட்டினார்கள்? துறைமுகத்துக்குப் பின்னால் என்ன நிலம் இருக்கிறது என்பதுதான் விடை. கொழும்புக்குப் பின்னால் ஈரவலயம், அதற்குப் பின்னால் கோப்பி விளைந்த மலை. கண்டிக்கு றெயில் போனது 1867இல், கோப்பிக்காக. அதே 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் விழுந்தது, அதே ஆண்டில் சுயஸ் கால்வாயும் திறந்தது. கோப்பி அழிந்தாலும் பாதை மிஞ்சியது. அந்தப் பாதையில் தேயிலை இறங்கியது. திருகோணமலைக்குப் பின்னால் அன்று இருந்தது காடும், பாழடைந்த குளங்களும், மலேரியாவும். கப்பலில் ஏற்ற அங்கே சரக்கு இல்லை.

ஆகவே பிரதேசம் வேலை செய்தது. ஆனால் கரை மட்டும் தனியாகச் செய்யவில்லை, மலையும் கரையும் சேர்ந்து செய்தன. கட்டுநாயக்காவை 1978இல் தெரிவு செய்தவர்களும் அந்த 1885ஆம் ஆண்டுத் துறைமுகத்துக்குக் கிட்டத்தானே போனார்கள்? இன்று திருகோணமலையில் என்ன தொழில் நிற்கிறது என்று பாருங்கள்: கோதுமை மா ஆலை, கிளிங்கர் அரைக்கிற ஆலை. இரண்டுக்கும் மூலப்பொருள் கடலால் வருகிறது. பின்நிலத்தில் விளைச்சல் இல்லாவிட்டாலும் ஆழமான கடல் போதும் என்கிற தொழில்கள் அந்தக் குடாவைத் தேடிப் போயிருக்கின்றன.

உலகப் பாடத்திலும் இதையே காட்டலாம். ஜேர்மனியின் ரூர் பள்ளத்தாக்கில் உருக்குத் தொழில் நிலக்கரி மேல் உட்கார்ந்தது. யப்பானில் இரும்புத் தாதுவும் இல்லை, போதிய நிலக்கரியும் இல்லை, இரண்டையும் கப்பலில் இறக்கி, கடலோரத்தில் நிலம் மீட்டு உருக்கு ஆலைகளைக் கட்டினார்கள். பாரக் கைத்தொழில் என்று இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது.

பியகம தம்பியிடம் ஒரு கேள்வி: துணி எல்லாம் வெளியிலிருந்து வருகிறது என்றீர்கள். இங்கே நெய்து சாயம் போடுகிற ஆலைகள் எங்கே இருக்கின்றன?

பியகம லைன் எழுதியது:

மிஸ், நல்ல இடத்தில் பிடித்தீர்கள். தைக்கிற தொழிற்சாலையை நான் கிளிநொச்சியிலும் பார்த்திருக்கிறேன், மகியங்கனையிலும் பார்த்திருக்கிறேன். சாயம் போடுகிற ஆலைகளை நினைத்துப் பார்த்தால் பியகம, அவிசாவளை, துல்கிரிய, ஹொரணை. எல்லாம் ஈரவலயம். ஒரு கிலோ துணியை வெளுத்துச் சாயம் போட்டு அலசி எடுக்கப் பல பத்து லீற்றர் தண்ணீர் போகும். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு நாளும், கோடையிலும், ஒரே தரத்தில் வேண்டும். பாவித்த தண்ணீரைச் சுத்திகரித்து விட ஓடுகிற ஆறும் வேண்டும்.

அப்படிப் பார்த்தால் எங்கள் தொழிலும் இரண்டு தொழில்தான். ஊசி வேலைக்கு நிலம் பொருட்டில்லை. சாய வேலைக்குக் களனி கங்கை வேண்டும். சீமெந்து ஐயா சொன்ன மாதிரி ஒரே பெயருக்குள் இரண்டு.

இதையும் சேர்த்துச் சொல்கிறேன். களனியில் அம்பத்தளையில் எடுக்கிற தண்ணீரைத்தான் கொழும்பு குடிக்கிறது. அதற்கு மேலே அவிசாவளை வரைக்கும் ஆற்றங்கரையில் தொழிற்பேட்டைகள். சுத்திகரிப்பில் ஒரு நாள் கவனக்குறைவு வந்தால் அது யார் வீட்டுக் குழாயில் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். நல்ல தொழிற்சாலைகள் இதைப் பெரிதாக எடுத்துச் செய்கின்றன. எல்லாரும் செய்ய வேண்டும்.

சுண்ணக்கல் எழுதியது:

தம்பி மனதில் பட்டதை மறைக்காமல் எழுதினது சந்தோசம். யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர், கொழும்பில் ஆற்று நீர். கைத்தொழில் எங்கே வந்தாலும் கடைசியில் தண்ணீரில்தான் கணக்குப் பார்க்க வேணும். நிலக்கீழ் நீர் கெட்டால் கண்ணுக்குத் தெரியாது, திரும்பி வர நெடுங்காலம் எடுக்கும். ஆறு கெட்டால் அடுத்த மழையில் ஓரளவு கழுவுப்படும். ஒரே கழிவு, ஆனால் எந்தப் பிரதேசத்தில் விடுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் பாரம் மாறும். தொழிற்சாலைக்கு இடம் பார்க்கிறபோது இதைத்தான் முதலில் கேட்க வேணும் என்பது என் உறுதியான கருத்து.

மட்டக்குளி மாணவி எழுதியது:

எல்லாத்தையும் வாசிச்சிட்டு ஒரு விடை எழுதிப் பார்த்தன். திருத்தித் தாங்கோ.

"இலங்கையின் கைத்தொழில்களை எடை இழக்கும் படிநிலை, எடை கூடும் படிநிலை என இரண்டாகப் பிரித்து ஒப்பிடலாம். தேயிலைக் கொழுந்து பதப்படுத்தல் எடை இழக்கும் படிநிலை என்பதால் பயிர் விளையும் மலைநாட்டிலும் ஈரவலயத் தாழ்நிலத்திலும் அமைகிறது. கலத்தலும் பொதியிடலும் கொழும்புத் துறைமுகத்தை அண்டி அமைகின்றன. சுண்ணக்கல்லைச் சுடுதல் வடமேல் கரையின் மயோசீன் பட்டியில் அமைகிறது, கிளிங்கர் அரைத்தல் துறைமுகங்களில் அமைகிறது. உப்பு உற்பத்தி உலர்வலயக் கரையில் மட்டும் அமைகிறது. ஆடை தைத்தல் எல்லாப் பிரதேசத்திலும் அமையலாம், சாயமிடல் வற்றாத ஆறுகளை உடைய ஈரவலயத்தை நாடுகிறது. புல்மோட்டை இல்மனைட் வடகீழ்க் கரையில் அமைந்த பாரக் கைத்தொழிலாகும்."

கொட்டாஞ்சேனை மிஸ் எழுதியது:

மகள், இதை வாசித்து எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இரண்டு இடத்தில் மட்டும் கை வைக்கிறேன்.

"உலர்வலயக் கரையில் மட்டும்" என்ற இடத்தில் காரணத்தைச் சேர்: நீண்ட மழையற்ற காலம், காற்று, ஆழமில்லாத களப்பு. காரணம் இல்லாத அமைவிடத்துக்குப் பாதிப் புள்ளிதான்.

புல்மோட்டையைப் பாரக் கைத்தொழில் என்று எழுதாதே. அங்கே கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், உருட்டைல், சிர்க்கோன் போன்ற கனிமங்களைப் பிரித்து எடுக்கிறார்கள். வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள் அந்தக் கரையில் பாரமான மணலைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பதால் அது அங்கே குவிந்திருக்கிறது. இல்மனைட்டிலிருந்து வெள்ளை நிறப்பொருள் செய்து பெயின்ற்றுக்கும் கடதாசிக்கும் பிளாஸ்ரிக்குக்கும் விற்பதுதான் பெரிய கைத்தொழில், அந்த வேலை வெளிநாட்டில் நடக்கிறது. நம்மிடம் இருப்பது முதற்படி. கொழுந்து தம்பி மலையைப் பற்றிச் சொன்ன அதே கவலையைப் புல்மோட்டைக்காரரும் சொல்லலாம்.

கிராண்ட்பாஸ் கொழுந்து எழுதியது:

தங்கச்சியோட விடையில மலைநாட்டுல உள்ள இன்னொரு கைத்தொழிலை விட்டுட்டோம். கரண்ட். லக்சபான, காசல்றீ, மவுசாகலைன்னு எங்க பக்கத்து நீர்த்தேக்கத்துல எடுக்குற மின்சாரம் கம்பியில கொழும்புக்கு இறங்குது. எடையே இல்லாத சரக்கு. அதைச் செய்ற இடம் மட்டும் மலையை விட்டு நகர முடியாது, பாவிக்கிற இடம் எங்க வேணா இருக்கலாம். பியகம அண்ணன் சொன்ன எங்கும் வைக்கக்கூடிய தொழிலுக்குப் பின்னால அந்தக் கம்பியும் ஒரு காரணம்.

கொட்டாஞ்சேனை மிஸ் எழுதியது:

இது நல்ல சேர்க்கை தம்பி, வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து றப்பர். 1876இல் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கியது. இன்று களுத்துறை, கேகாலை, ரத்தினபுரி. பால் மரத்திலிருந்து இறங்கிச் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும், அமோனியா சேர்த்தால் தாங்கும். டயர் செய்வதற்கு அந்தப் பாலை உறையவைத்து ஷீட்டாக்கி, இறக்குமதியான மற்றப் பொருட்களோடு சேர்க்க வேண்டும். ஆக எந்தப் படி தோட்டத்தில், எந்தப் படி களனிக் கரையில் என்று பிரித்துக் காட்டலாம் என நினைக்கிறேன். ஷீட் அடிக்கிற இடத்திலோ கையுறை, டயர் ஆலைகளிலோ வேலை செய்தவர்கள் இருந்தால், மழைநாளில் பால் வெட்டு நின்றால் ஆலை என்ன செய்யும், எத்தனை நாள் இருப்பு வைத்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். வியாழக்கிழமை வகுப்புக்கு முன் கிடைத்தால் பெரிய உதவி.